பள்ளத்துக்கு என்ன கலர்?

போன மாதம் நிவேதிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற அலுவலகத்தில் இப்போது உதவிப் பொறியாளராக இருக்கும் பெண். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி முகாமாம். நான் வந்து அரைமணி நேரம் பேச வேண்டுமாம். தலைப்பை வாசித்துக் காட்டினாள்: 'உட்கட்டமைப்புப் பணிகளுக்கு நாள் குறிக்கையில் ஒன்றோடொன்று மோதும் முன்னுரிமைகளைச் சமன்செய்தல்.'

"தலைப்பு முடியறதுக்குள்ளயே அரைமணி ஆயிடுமேம்மா" என்றேன்.

"சார், நீங்க உங்க அனுபவத்தைச் சொன்னாலே போதும் சார்."

அனுபவத்தை மேடையில் அப்படியே சொல்லிவிட முடியாது என்பது பாவம், அவளுக்கு இன்னும் தெரியவில்லை. முகாமில் முதல் வரிசையில் மேலதிகாரிகள் உட்கார்ந்திருப்பார்கள். அதனால் அங்கே சமன்செய்வதைப் பற்றிப் பேசுவதாக ஒத்துக்கொண்டுவிட்டு, நடந்ததை இங்கே எழுதிவைக்கிறேன். அலுவலகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். பென்ஷன் அங்கிருந்துதான் வருகிறது.

கல்லூரியில் எங்களுக்கு வட்டமும் அம்புக்குறியுமாகப் போட்டுக் காட்டினார்கள். எந்த வேலை முதலில், எது அதன் பின்னால், எது தாமதமானால் மொத்தமும் தாமதமாகும் என்று. அருமையான பாடம். அதில் ஆடி மாதம் மட்டும் கிடையாது. சைதாப்பேட்டையில் வெயிலில் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றதோடு என் பயிற்சிக்காலம் முடிந்தது, தி.நகரில் படிப்பு ஆரம்பமானது.

அங்கே ஒரு கடைத்தெருவில் வடிகால் மூடிகளை மாற்ற வேண்டியிருந்தது. கடைக்காரர்களிடம் நாள் கேட்டுப் போனேன். தீபாவளி முடியட்டும் என்றார்கள். முடிந்தது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் மூன்றும் போகட்டும் என்றார்கள். போயின. அப்புறம் கல்யாண சீசன், அதன் பிறகு பள்ளிக்கூடம் திறக்கிற சீசன். "சரி, ஆடியிலாவது?" என்றேன். துணிக்கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சார், ஆடித் தள்ளுபடி சார்" என்றார். அந்த மூடிகளை மாற்றாமலேயே எனக்குப் பதவி உயர்வு வந்து மயிலாப்பூர்ப் பக்கம் போனேன்.

அங்கே செயற்பொறியாளராக இருந்தவர் வரதன் சார். பணிக்காலம் முழுவதிலும் ஒருவருக்கும் 'முடியாது' என்று சொல்லாத மனிதர். 'முடியும்' என்றும் சொன்னதில்லை. மாதாமாதம் ஒருங்கிணைப்புக் கூட்டம் நடத்துவார். தெருவைத் தோண்ட ஆசைப்படும் துறைகள் எல்லாம் வரும். குடிநீர், கழிவுநீர், மின்சாரம், தொலைபேசி என்று ஒவ்வொன்றும் ஓர் ஆளை அனுப்பும். எதையும் முடிவு செய்ய அதிகாரம் இல்லாத ஆளாகப் பார்த்துத்தான் அனுப்பும். "மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்" என்று சொல்வது அவர் வேலை. மேலிடத்தில் இருப்பவர், "கூட்டத்துல என்ன முடிவாச்சு?" என்று கேட்பது அவர் வேலை. நடுவில் மெதுவடையும் காபியும் தாமதம் இல்லாமல் வந்துவிடும். எங்கள் அலுவலகத்தில் குறித்த நேரத்தில் நடந்த ஒரே பணி அதுதான்.

யாராவது ஆட்சேபம் சொல்ல ஆரம்பித்தால் வரதன் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். சட்டைக் காலருக்குள் மடித்து வைத்திருக்கும் கைக்குட்டையை எடுத்து, பேசுகிறவர் முடிக்கும் வரை துடைத்துக்கொண்டே இருப்பார். பிறகு மாட்டிக்கொண்டு, "நியாயமான பேச்சு" என்பார். அதற்கு நேர் எதிராக அடுத்தவர் பேசுவார். மறுபடியும் துடைப்பு, மறுபடியும் "நியாயமான பேச்சு". கடைசியில் மேஜையை இரண்டு கையாலும் தடவி, "ஆக, ஒத்துக்கிட்டோம்" என்பார். எதை ஒத்துக்கொண்டோம் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லோரும் நிம்மதியாக எழுந்து போவார்கள். எதை ஒத்துக்கொண்டோம் என்று கண்டுபிடித்துக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது என் பொறுப்பு.

அவரிடம் வேலை செய்தபோதுதான் பனந்தோப்புச் சந்து என் தலையில் வந்து விழுந்தது.

சந்துக்குள் மழைநீர் வடிகால் கட்டி முடித்தாயிற்று. வெளியே பெரிய தெருவிலிருந்து கால்வாய் வரைக்கும் போகும் வடிகாலும் முடிந்துவிட்டது. இரண்டையும் இரண்டு ஒப்பந்ததாரர்கள் கட்டினார்கள். அவரவர் எல்லையோடு அவரவர் நிறுத்திக்கொண்டார்கள். நடுவில் ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில், இரண்டு பஸ்ஸை முன்னும் பின்னுமாக நிறுத்தினால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு நீளத்துக்கு ஒன்றும் இல்லை. இருவரும் பணி முடிந்ததற்குச் சான்றிதழ் வாங்கிவிட்டார்கள். நடுவில் இருந்த இடைவெளி யாருடைய ஒப்பந்தத்திலும் இல்லாததால் அது தாமதமாகக்கூடக் கணக்கில் வரவில்லை. மழை பெய்தால் சந்துத் தண்ணீர் எல்லாம் புது வடிகாலில் ஜோராக ஓடி வரும். மண்டபத்து முனையில் வழி இல்லாமல் நிற்கும். பிறகு வந்த வழியே திரும்பித் தரைத்தள வீடுகளுக்குள் போகும். வடிகால் கட்டுவதற்கு முன்னால் இவ்வளவு வேகமாக வந்ததில்லை என்று சந்துக்காரர்கள் சொன்னார்கள்.

அந்தச் சந்தில் தரைத்தளத்தில் ஸ்டெல்லா டீச்சர் இருந்தார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் அந்தோணி சார் கப்பல் கம்பெனியில் வேலை பார்த்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. நான் முதல் தடவை போனபோது அவர் கட்டிலின் ஒவ்வொரு காலுக்கும் அடியில் மூன்று செங்கல் இருந்தது.

"ஒவ்வொரு மழைக்கும் ஒண்ணு ஏத்தறோம்" என்றார் டீச்சர்.

"இன்னும் ரெண்டு மழை சார்" என்று அந்தோணி சார் குழறலாகச் சொல்லிவிட்டு, இடது கையால் மேலே காட்டினார். "ஃபேன்ல இடிச்சிப்பேன்."

நான் சிரித்தேன். டீச்சர் சிரிக்கவில்லை. முந்தின மழையில் செங்கல்லையும் தாண்டித் தண்ணீர் ஏறியதாம். பக்கத்து வீட்டு ஆட்கள் அவரை மெத்தையோடு மாடிக்குத் தூக்கியிருக்கிறார்கள். படிக்கட்டுத் திருப்பத்தில் ஒருவர் பிடி நழுவி, அவர் தோள்பட்டை இறங்கிவிட்டது.

"இன்னொரு தடவை அப்படித் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார் சார். அடுத்த மழைக்குத் தண்ணி உள்ள வராம இருந்தா போதும். வேற ஒண்ணும் நான் கேக்கல."

வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பாமல், மண்டபத்து வாசலில் அந்த இடைவெளியைக் காலடியால் அளந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு பஸ் நீளம். ஒரு வார வேலை.

அந்த ஒரு வாரத்துக்கு நாள் குறிக்க வரதன் சார் எனக்கு ஒரு பெட்டி கலர் பென்சில் கொடுத்தார். "யார் மனசும் நோகாம ஒரு வாரம் கண்டுபிடிங்க" என்றார். ஆண்டு முழுவதையும் கட்டம் கட்டமாக ஒரு பெரிய தாளில் வரைந்து, ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் ஒரு கலர் தீட்டினேன்.

கல்யாணத்துக்கு மஞ்சள். மண்டபத்து உரிமையாளர் கல்யாணராமன் மாமாவைப் பார்க்கப் போனபோது அவர் மிகவும் அன்பாகப் பேசினார். "நான் வேண்டாம்னு சொல்லலையே சார். பேஷா பண்ணுங்கோ. மாப்பிள்ளை கார் வந்து நிக்கற எடத்துல மட்டும் தோண்டாதேங்கோ."

"கார் எந்த இடத்துல நிக்கும் மாமா?"

"எங்க வேணா நிக்கும்."

தை, மாசி, சித்திரை, வைகாசி, ஆனி, ஆவணி எல்லாம் மஞ்சளாயின. பங்குனிக்குப் பச்சை: கோயில் உற்சவத்துக்கு மாட வீதிகளை மூடும்போது பஸ்ஸெல்லாம் இந்தப் பக்கம்தான் திருப்பிவிடப்படும். அதே மாதத்தில் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தேர்வு, அதற்குச் சிவப்பு. கோடையில் தண்ணி லாரி வந்து திரும்ப வேண்டும், அதற்கு ஆரஞ்சு. ஆவணியில் மாதா கோயில் கொடியேற்றம், பிள்ளையார் ஊர்வலம், இரண்டுக்கும் ஊதா. புரட்டாசியில் கல்யாணம் கிடையாது, ஆனால் மழைக்கு முன்பு தெருவைத் தோண்டக் கூடாது என்று எங்கள் அலுவலகமே உத்தரவு போட்டுவிடும், அதற்குப் பழுப்பு. ஐப்பசி, கார்த்திகையில் மழை, நீலம். மார்கழியில் கல்யாணம் இல்லை, ஆகவே மண்டபத்தில் கச்சேரி. "ஆலாபனை போயிண்டிருக்கச்சே நீங்க ஜேசிபியைப் போட்டேள்னா எப்படி சார்?" என்றார் கல்யாணராமன் மாமா. அதற்கு ரோஸ்.

மிஞ்சியது ஆடி. அந்தக் கட்டங்கள் மட்டும் வெள்ளையாக இருந்தன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒப்பந்ததாரரின் மேஸ்திரி எத்திராஜைக் கூப்பிட்டேன்.

"இன்னா சார் நீ, ஆடில போயி கடப்பாறைய தொடச் சொல்றே? மொதலாளி ஒத்துக்கவே மாட்டாரு."

"ஆரம்பிக்கத்தானேப்பா கூடாது? முன்னாடியே ஆரம்பிச்சிட்டா தொடரலாமில்ல?"

எத்திராஜ் யோசித்தான். "அது கரீட்டு. ஆனில பூஜை போட்டு வச்சிக்கலாம்."

ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் பூமி பூஜை நடந்தது. உள்ளூர்ப் பிரமுகர் வந்து தேங்காய் உடைத்தார். வெறும் கடப்பாறையைத் தொட்டால் போட்டோவில் எடுக்காது என்பதால் மண்டபத்துச் சுவர் ஓரமாக இடுப்பளவுக்கு ஒரு பள்ளம் தோண்டினோம். தோண்டியதும் அடியில் குடிநீர்க் குழாய் தெரிந்தது. குழாயைத் தள்ளி வைக்கக் குடிநீர்த் துறையின் ஒப்பந்ததாரர்தான் வர வேண்டும். அவர் வரத் தயாராகத்தான் இருந்தார். அவரும் முதலில் பூஜை போட வேண்டும். மறுநாள் ஆடி பிறந்துவிட்டது.

ஆக, அந்த மாதமும் போயிற்று. பள்ளத்தை மூடிவிடலாம் என்றால், மூடினால் பணி பின்னோக்கிப் போனதாக அறிக்கையில் காட்டும். மூடாமல் விட்டால் யாராவது விழுவார்கள். வரதன் சார் கண்ணாடியைத் துடைத்தார். பாதி மூடுவது என்று ஒத்துக்கொண்டோம். பொலபொலவென்று மண்ணைப் போட்டு, சுற்றிலும் தடுப்பு வைத்து, 'பணி நடைபெறுகிறது' என்று பலகை மாட்டினோம். பலகை பொய் சொன்னாலும் பளிச்சென்று இருந்தது.

ஆவணியில் ஸ்டெல்லா டீச்சர் அலுவலகத்துக்கு வந்தார். வாரம் தவறாமல் வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கத்த மாட்டார், கெஞ்ச மாட்டார். அன்றைக்கு என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உள்ளே கூப்பிட்டு, அந்தக் கலர் தாளை விரித்துக் காட்டினேன். ஆடியையும் கறுப்பு அடித்து முடித்திருந்தேன். என் நிலைமை அவருக்குப் புரியட்டும் என்றுதான்.

டீச்சர் பரீட்சைத் தாளைத் திருத்துகிற மாதிரி விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாகப் போனார். கடைசிவரை போனவர் நிமிர்ந்து, "இதுல பள்ளத்துக்கு என்ன கலர் சார்?" என்று கேட்டார்.

"எந்தப் பள்ளம்?"

"ரோடு உள்வாங்கிப் பள்ளம் விழுந்தா?"

"அதுக்குக் கலர் கிடையாது டீச்சர். அது அவசரப் பணி. கூட்டமும் வேண்டாம், ஒப்புதலும் வேண்டாம். உடனே ஆள் இறங்கிடும்."

"தடை உத்தரவு?"

"அவசரத்துக்குத் தடை கிடையாது."

"குடிதண்ணிக் குழாய்?"

"அவங்களும் உடனே வந்தாகணும்."

"ஓ" என்றார் டீச்சர். தாளை ஒழுங்காக மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் அவர் அலுவலகத்துக்கு வரவே இல்லை. மனசு விட்டுப்போயிற்று போல என்று நினைத்து நான் வருத்தப்பட்டேன்.

புரட்டாசியில் ஒரு காலை கல்யாணராமன் மாமாவிடமிருந்து போன் வந்தது. அன்பெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"என்ன சார் பண்ணிண்டிருக்கேள் நீங்கள்லாம்? என் கார் பாதி ரோட்டுக்குள்ள போயாச்சு! உடனே ஆளை அனுப்பித் தோண்டுங்கோ!"

"மாமா, மாப்பிள்ளை கார் நிக்கற இடமாச்சே..."

"மாப்பிள்ளையாவது மண்ணாங்கட்டியாவது! தோண்டுங்கோன்னா!"

ஓடினேன். தடுப்பை ஒட்டி அவர் காரை நிறுத்திவிட்டு உள்ளே போயிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் பின்சக்கரம் இரண்டும் உள்ளே. நல்லவேளை, காரில் யாரும் இல்லை. எங்கள் பூஜைப் பள்ளம் அகலமாக வாயைப் பிளந்து, சாலையின் பாதியை விழுங்கியிருந்தது. எத்திராஜ் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மழையே பேயல சார். உள்ள சேறா கீது."

அப்போதுதான் நான் அதைப் பார்த்தேன். சந்துக்குள்ளிருந்து, சுவரோரமாக, வடிகால் மூடிகளின் மேல் நெளிந்து நெளிந்து ஒரு பச்சை ஹோஸ் பைப் வந்துகொண்டிருந்தது. அதன் மறுமுனை டீச்சர் வீட்டுக் கிணற்று மோட்டாரில் இருந்தது. இந்த முனை பள்ளத்தின் விளிம்பில், ஒன்றும் தெரியாத மாதிரி, கிடந்தது. கடைசிச் சொட்டு இன்னும் வடிந்துகொண்டிருந்தது.

ஜீப்பிலிருந்து வரதன் சார் இறங்கினார். பள்ளத்தைப் பார்த்தார். ஹோஸ் பைப்பைப் பார்த்தார். அது வந்த வழியே கண்ணை ஓட்டிச் சந்து வாசலில் நின்ற ஸ்டெல்லா டீச்சரைப் பார்த்தார். டீச்சர் அவரை நேராகப் பார்த்தார். வரதன் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அந்தக் கைக்குட்டையை எடுத்து, வழக்கத்தைவிட ரொம்ப நேரம் துடைத்தார்.

"செடிக்கு நல்லாத் தண்ணி விடறாங்க" என்றார். "நல்ல பழக்கம்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஆக, ஒத்துக்கிட்டோம்."

அதற்கப்புறம் நடந்ததைப் போல ஒன்றை நான் அதற்கு முன்பும் பின்பும் பார்த்ததில்லை. குடிநீர்த் துறையிலிருந்து முடிவெடுக்கிற ஆளே நேரில் வந்தார். பூஜை இல்லை, ராகுகாலம் இல்லை. எப்படியும் தோண்டித்தான் ஆக வேண்டும், தோண்டினதோடு இரண்டு வடிகாலையும் சேர்த்துவிடுங்கள் என்று வரதன் சார் சொன்னார். அது அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் உத்தரவு. கல்யாணராமன் மாமா ஆட்களுக்கு மோர் கொடுத்தார். ஆண்டு முழுக்கத் தேடியும் நாள் கிடைக்காத வேலை ஒரே வாரத்தில் முடிந்தது.

ஐப்பசி மழை கொட்டியது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு சந்துக்குப் போனேன். தெருவில் கணுக்கால் தண்ணீர்கூட இல்லை. கட்டிலுக்கு அடியில் செங்கல் இல்லை. டீச்சர் அவற்றை எடுத்து வாசலில் செம்பருத்திக்குப் பாத்தி கட்டியிருந்தார். அந்தோணி சார் என்னைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கி மின்விசிறியைக் காட்டி, இல்லை இல்லை என்று ஆட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அறிக்கையில் 'அனைத்துத் தரப்பினரின் ஒத்துழைப்போடு' என்று எழுதினேன். பொய்யில்லை.

இத்தோடு முடித்துக்கொண்டால் முகாமில் சொல்வதற்கு ஏற்ற கதை. ஆனால் தண்ணீர் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்?

ஓய்வு பெற்ற பிறகு என் மனைவி சரோஜாவுக்கு முழங்கால் வலி. படி ஏற முடியாது. தரைத்தளத்தில் வீடு தேடி, கால்வாய்ப் பக்கம் ஒரு தெருவில் வாங்கினேன். பத்திரம் பார்த்தேன், வில்லங்கம் பார்த்தேன், வாஸ்துகூடப் பார்த்தேன். தெரு எந்தப் பக்கம் சரிகிறது என்று மட்டும் பார்க்கவில்லை. முதல் மழையில் முன்னறையில் தண்ணீர் வந்து நின்றபோதுதான், அது எந்த வழியாக வந்திருக்கிறது என்று மனதுக்குள் கோடு போட்டுப் பார்த்தேன். பனந்தோப்புச் சந்து, மண்டபத்து வாசல், பெரிய தெரு, வடிகால் கால்வாயில் சேரும் குறுகலான முகம், அங்கே கொள்ளாமல் திரும்பி என் வாசற்படி. தண்ணீர் எங்கே போக வேண்டும் என்று தீர்மானித்தவன் நான். அங்கேயே போய்க் குடியேறியிருக்கிறேன்.

சரோஜா நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டாள்: "கட்டிலுக்கு எத்தனை செங்கல் வேணும்?"

போன வாரம் அலுவலகத்துக்குப் போனேன். முகாம் விஷயமாக என்று நினைத்து நிவேதிதா காபி வரவழைத்தாள். கால்வாய் முகத்தை அகலப்படுத்த வேண்டும், சின்ன வேலைதான் என்றேன். அவள் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். கட்டம் கட்டமாக, என்னிடம் இருந்ததைவிட அழகான கலர்கள். மெட்ரோ வேலைக்காகத் திருப்பிவிட்ட வண்டிகளுக்குக்கூட ஒரு கலர். வெள்ளை மட்டும் இல்லை.

"அந்த வேலைக்குப் பூஜை ஆனியிலேயே போட்டாச்சு சார். ஆடி முடியட்டும்னு பார்க்கிறோம்."

"அவசரப் பணிக்கு என்ன கலர்மா?"

"அதுக்குக் கலர் கிடையாது சார். அது வந்தா வந்த உடனே செய்யணும். ஏன் சார்?"

"ஒண்ணுமில்லை. சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

வீட்டுக்குப் போகாமல் ஆட்டோவைப் பனந்தோப்புச் சந்துக்கு விடச் சொன்னேன். செம்பருத்தி சுவர் உயரம் வளர்ந்திருந்தது. கட்டில் இருந்த இடத்தில் அந்தோணி சாரின் படமும் மெழுகுவத்தியும் இருந்தன. மூன்று மழைக்காலம் அந்தக் கட்டிலிலேயே நனையாமல் இருந்துவிட்டுத்தான் போனார் என்றார் டீச்சர்.

"ஹோஸைக் கொண்டுபோய்ப் போட்டது நான் சார். மோட்டார் சுவிட்ச் அவர் கட்டில் பக்கத்துல. தினமும் காலைல நான் சொல்றதுக்கு முன்னாடியே இடது கையால போட்டுடுவார். அந்த வாரம் எவ்வளவு சந்தோஷமா இருந்தார் தெரியுமா? திரும்ப வேலைக்குப் போற மாதிரி இருக்குன்னார்."

நான் என் வீட்டுக் கதையைச் சொன்னேன். எந்தத் தண்ணீர், எந்த வழியாக, யார் செய்த வேலையால் என்று ஒன்றையும் விடாமல் சொன்னேன். டீச்சர் கணக்குப் போடுகிறவர் போல வரிசையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பூஜை போட்டுட்டாங்களா?"

"போட்டாச்சு டீச்சர். பாதி மூடின பள்ளமா இருக்கு."

டீச்சர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் பச்சை ஹோஸ் பைப் சுருட்டி இருந்தது.

"கழுவித்தான் வச்சிருக்கேன்" என்றார். "வேலை முடிஞ்சதும் செடிக்குத் தண்ணி விடத் திருப்பிக் கொண்டுவந்து குடுங்க."